கோரைக்குள் இருந்த வாத்தைப் படம் எடுத்தது

எனக்கு அறுபத்தொன்பது வயது முடிந்துவிட்டது. வளர்த்தது ஐந்து பேர். நான் பெற்றது மூன்று, என் நாத்தனார் விட்டுப்போனது இரண்டு. ஐந்து பேரும் அவரவர் சோற்றை அவரவர் சம்பாதித்துத்தான் தின்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற நிலைமை எனக்கு இல்லை. வீட்டில் சும்மா உட்கார முடியாததால்தான் நூறு நாள் வேலைக்குப் போகிறேன்.

போன தை மாதம் எங்களுக்கு ஏரியில் வேலை விட்டார்கள். அணைக்கட்டுப் பக்கத்தில் எங்கள் ஊர். ஏரி பெரியதல்ல, ஆனாலும் மழை நன்றாகப் பெய்து மதகு வரைக்கும் தண்ணீர் நின்றது. கரையோரம் மண்டிக்கிடந்த கோரையையும் முள்ளையும் வெட்ட வேண்டும். நாற்பது பெண்கள் இருந்தோம். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒரு பெண் செல்போனில் படம் எடுப்பாள். அதில் முகம் விழுந்தால்தான் வேலைக்கு வந்ததாக அர்த்தம். எங்கள் ஊர் மருமகள்தான் அவள். நாங்கள் அவளைப் போட்டோக்காரி என்போம்.

மத்தியானம் எல்லோரும் புளியமரத்தடியில் கூட்டமாகச் சாப்பிடுவார்கள். எனக்குச் சத்தம் ஆகாது. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் முப்பது வருஷம் டிரம் உருளுகிற சத்தத்துக்குள் நின்றவள் நான். சோறு தின்கிற நேரமாவது காது சும்மா இருக்கட்டும் என்று தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கோரை ஓரத்துக் கல்லில் போய் உட்காருவேன். மூன்றாம் நாள் அங்கேதான் அந்த வாத்தைப் பார்த்தேன்.

அது வீட்டு வாத்து இல்லை. அறுப்பு முடிந்த வயலுக்கு மந்தையாக ஓட்டி வருகிறார்களே, அந்த வாத்தும் இல்லை. உடம்பெல்லாம் பழுப்பு, செதில் செதிலாக. அலகு நுனியில் மஞ்சள். அலகு முகத்தோடு சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் சிவப்பாகப் பொட்டு வைத்த மாதிரி இருந்தது. கோரையை மிதித்து மடக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. மறுநாள் அது எழுந்து தண்ணீருக்குப் போன நேரம் மேலே கிடந்த சருகை விலக்கிப் பார்த்தேன். எட்டு முட்டை.

அடுத்த நாள் ஓவர்சியர் வந்து டேப் பிடித்து, வெட்ட வேண்டிய இடத்துக்குக் குச்சி நட்டார். வாத்து இருந்த கோரை சரியாக நடுவில் வந்தது. அவரிடம் சொன்னேன். நான்கைந்து பேரோடு பார்க்க வந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் வாத்து சத்தமில்லாமல் நழுவிவிட்டது. போகும்போது இறகையும் சருகையும் இழுத்து முட்டையை மூடிவிட்டுப் போகிற சாமர்த்தியம் அதற்கு உண்டு. உள்ளே இறங்கிப் பார்க்க நான் யாரையும் விடவில்லை. நாலு பேர் மிதித்து வழி போட்டால் அந்த வழியிலேயே நாய் போய்விடும்.

“ஏம்மா, யார் வீட்டு வாத்தோ தப்பி வந்திருக்கும். நாளைக்கு மத்தியானம் அளக்க வருவேன், இது சுத்தமா இருக்கணும்” என்றார்.

அளவு குறைந்தால் எல்லோருக்கும் கூலி குறையும். அதனால் யாரும் என் பக்கம் பேசவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரி, இருபது வருஷப் பழக்கம், அவள்தான் ஆரம்பித்தாள். “இன்னாக்கா, வாத்துக்குப் பிரசவம் பாக்கப் போறியா?” எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு எனக்குப் பெரிதில்லை. கிழவி உளறுகிறாள் என்று ஓவர்சியர் பார்த்தாரே, அந்தப் பார்வைதான் பொறுக்கவில்லை. தோல் ஷாப்பில் நான் தொட்டுப் பார்த்து ஊறிவிட்டது என்றால்தான் மேஸ்திரி தோலையே வெளியே எடுப்பார்.

மறுநாள் வாத்து இல்லாத அந்தப் பக்கத்துக் கடைசியிலிருந்து வெட்ட ஆரம்பிக்கச் சொன்னேன். அதை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். ஓவர்சியருக்குக் காட்ட வாத்தைப் படம் எடுத்துத் தரச்சொல்லி போட்டோக்காரியிடம் கேட்டேன். அவளும் நல்ல மனதோடு போனாள். பத்தடி தூரத்திலேயே வாத்து இறங்கி ஓடிவிட்டது. தினமும் பார்க்கிற முகம் என்னுடையதுதானே. போனை என் கையில் கொடுத்தாள்.

“நீயே எடு ஆயா. தண்ணில மட்டும் போட்றாத, அப்புறம் எங்க ஊட்டுக்காரர் என்னையும் பின்னாலயே தள்ளிடுவாரு.”

கண்ணாடியைத் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தித் தொட்டேன், அப்போதும் இல்லை. சுண்ணாம்பிலும் உப்பிலும் ஊறிய விரல், ரேகையே கிடையாது. ரேஷன் கடை மிஷினும் என் விரலை ஒத்துக்கொள்ளாமல் கண்ணைக் காட்டச் சொல்கிறது. கடைசியில் அவள் பக்கவாட்டில் ஒரு பட்டனைக் காட்டினாள். அதை அழுத்திப் பழக, பக்கத்து வீட்டுக்காரி வாய் நிறையச் சோற்றோடு இருப்பதைத்தான் முதலில் எடுத்தேன். அழித்துவிடச் சொன்னாள். எனக்கு அழிக்கத் தெரியாது என்றேன். அது உண்மையும்கூட.

கல்லில் போய் எப்போதும் போலச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதிச் சோறு ஆனபிறகு வாத்து திரும்பி வந்தது. முதல் படத்தில் ஆகாசம் விழுந்தது. இரண்டாவதில் என் கட்டைவிரலும் கொஞ்சம் கோரையும். போன் டக்கென்ற சத்தத்துக்கு வாத்து கழுத்தைத் தூக்கியது. நான் ஒன்றுமே தெரியாதவள் போல ஒரு வாய் சோறு தின்றேன். அது அடங்கிற்று. போனை அசையாமல் சட்டி விளிம்பில் நிறுத்தி, இந்தத் தடவை தப்பக்கூடாது என்று பட்டனை அழுத்திப் பிடித்தேன். விடாமல் பிடித்தால் அது நிற்காமல் எடுத்துக்கொண்டே போகும் என்று யார் சொன்னார்கள்? டக்டக்டக்கென்று ஓடியது. வாத்து திகைத்து எழுந்து நின்றது. நின்றதும் அதன் கால்களுக்கு நடுவே முட்டைகள் வெளுப்பாகத் தெரிந்தன. என் தப்பிதத்தால்தான் அந்தப் படம் விழுந்தது, அதை மறைக்கவில்லை.

ஓவர்சியர் வந்ததும் காட்டினேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அலகைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், முட்டையை எண்ணினார்.

“இது ஊட்ல வளக்குற வாத்து இல்ல” என்றார்.

“அதத்தான் நேத்துலேருந்து சொல்றேன்.”

“ஆனா அளவ நான் கம்மியா எழுத முடியாதும்மா.”

“கம்மியா எழுதாதீங்க. குச்சிக்கு அந்தாண்ட கோடியில முள்ளுமரம் நிக்குது பாருங்க, இதே அளவு அங்க வெட்டிக் குடுக்கிறோம். நீங்க பொழுது சாய வந்து அளந்துக்குங்க.”

அவர் தலையை ஆட்டிவிட்டு அங்கே போய்க் குச்சியை மாற்றி நட்டார். பெண்களுக்குத்தான் பேஜாராகிவிட்டது. அந்த முள் எங்கள் ஊரில் யாரும் கை வைக்காத முள். நாங்க எப்ப ஒத்துக்கிட்டோம் என்று ஆளுக்கு ஒரு பேச்சு. நான் கத்தியை எடுத்துக்கொண்டு போய் முதல் மரத்தில் போட்டேன். மூன்றாவது வெட்டு முடிவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி பக்கத்தில் நின்று வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் குதிகாலில் ஒரு முள் ஏறி ஒடிந்தது. ஊசியால் நான்தான் எடுத்துவிட்டேன். பொழுது சாய்கிறவரை திட்டினாள். அளவு சரியாக வந்தது.

ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரி போய் என் கல்லில் உட்கார்ந்திருந்தாள். தூரத்திலிருந்தே கையைக் காட்டி, “மெதுவா வாக்கா” என்றாள். வாத்து தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஏழு குஞ்சுகள், மஞ்சளும் கறுப்புமாக. ஒரு முட்டை பொரியவில்லை. போனைக் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை. அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து, வேலைக்குக் கூப்பிடும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போட்டோக்காரி அனுப்பி, அந்தப் படம் என் மகன்வழிப் பேத்தியின் போனுக்கு வந்தது. வேலூரில் காலேஜ் படிக்கிறவள். எடுத்த கதையையும் எழுது ஆயா என்று ஒரு நோட்டைக் கொடுத்தாள். நான் நாலாவது வரைக்கும்தான் படித்தேன். இதை எழுத இருபது நாள் ஆனது. இப்போது அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

“இந்தா கண்ணு, இத சத்தமா படி. எழுத்துல தப்பு இருந்தா நீயே திருத்திக்கோ. முள்ளு வெட்டுனத மட்டும் கம்மி பண்ணாத.”