திங்கள்நகரில் நான் மாற்றி வைத்த உப்பு

2012, ஜூலை, ஒரு வெள்ளிக்கிழமை. காலை 6.40-க்குத் திருவனந்தபுரம் தம்பானூரில் பேருந்து ஏறினேன். மார்த்தாண்டம் வரை இருபத்தாறு ரூபாய். அங்கிருந்து கருங்கல், கருங்கலில் மாறித் திங்கள்நகர். மூன்று பேருந்துகள், ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்.

போனது வேலைக்காக. கணினி விளையாட்டுகள் செய்யும் நிறுவனம் எங்களுடையது. எங்கள் கற்பனை நாட்டில் கோல், மணி, கிண்ணம் என்று எதையாவது கையில் பிடித்தால்தான் மந்திரம் பலிக்கும். எந்தக் கருவி மந்திரத்தை எப்படி மாற்றும் என்று விதி எழுதுவது என் பொறுப்பு. கோல் முறிந்தால் பலன் பாதி என்று எழுதியிருந்தேன். ஏன் பாதி என்று மேலாளர் கேட்டார். உடன் வேலை செய்யும் பெண்தான், "எங்க அத்தை கொதிக்கு ஓதுவாங்க, போய்ப் பாரேன்" என்றாள்.

நாம் சாப்பிடும்போது யாராவது ஏக்கமாய்ப் பார்த்துவிட்டால் வரும் வயிற்றுக் கோளாறுக்கு இங்கே கொதி என்று பெயர். உப்பில் மந்திரம் ஓதிக் கொடுத்தால் தீரும் என்பது நம்பிக்கை.

9.50. அத்தையின் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். பெயர் ராஜம். வயது நாற்பத்தைந்து இருக்கும், தையல்கடை வைத்திருக்கிறார். அக்கா என்றே கூப்பிட்டேன்.

"கம்ப்யூட்டர்ல மந்திரமா? அப்போ எனக்க பொழப்புல மண்ணு" என்று சிரித்தார்.

"எந்த உப்பா இருந்தாலும் போதுமா அக்கா?"

"இல்ல மக்கா. கொதி பட்டவங்க வீட்டு உப்புதான் வேணும்."

சோதிக்காமல் ஒரு விதியை எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எதிர்க்கடையில் ஏழு ரூபாய்க்குக் கல்லுப்பு வாங்கி, ஒரு பிடியைச் செய்தித்தாளில் பொதிந்து கைப்பையில் வைத்தேன்.

10.30. கடற்கரை ஊரான இனயத்திலிருந்து ஜெனிட்டா என்ற பெண் தன் ஐந்து வயது மகளோடு வந்தாள். ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டதிலிருந்து இரண்டு நாளாய்க் குழந்தைக்கு எதுவும் இறங்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் குழந்தை வாயைத் திறக்க மாட்டேன் என்றது. வீட்டிலிருந்து செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்த உப்பை ஜெனிட்டா மேசையில் வைத்துவிட்டு, மகளை வாய் கொப்பளிக்க வெளியே அழைத்துப் போனாள். அக்கா உள்ளே யாருடைய ரவிக்கையையோ தேடிக்கொண்டிருந்தார். நான் பொதிகளை மாற்றினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா உப்பை உள்ளங்கையில் கொட்டி, வாயருகே வைத்து முணுமுணுத்தார். பாதியில் நிறுத்தி, விரலால் உருட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, இது உனக்க வீட்டு உப்புதானா?"

"ஆமாக்கா. அடுக்களையில இருந்து அள்ளினது."

"கடல்கரை வீட்டு உப்பு இப்பிடி மணலு மாதிரி உதிருமா? வழியில வாங்கினியா?"

"மாதாவாணை இல்லக்கா."

"பொய் பறையாத. பிள்ளைக்க காரியம் உனக்கு அவ்வளவு எளக்காரமா?"

கடற்காற்றில் உப்பு நீர் கோத்துக்கொள்ளும். வேதியியல் படித்த எனக்கு அது தோன்றவில்லை. ஜெனிட்டாவின் கண் நிறைந்தது.

"எங்கயோ மாறிப் போச்சு போல. நான் போய் வேற எடுத்துட்டு வாறேன். ரெண்டு பஸ்சுதானே" என்று மகளைத் தூக்கினாள். குழந்தையின் தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது. அவள் வாசற்படி இறங்கும்வரை நான் பேசாமல் இருந்தேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்.

பிறகு அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, கைப்பையிலிருந்து அவளுடைய பொதியை எடுத்து மேசையில் வைத்தேன். "நான்தான் மாத்தினேன். வித்தியாசம் இருக்கான்னு பாக்க."

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார்.

"கேட்டிருந்தா உனக்க உப்புல ஓதிக் காட்டியிருப்பேனே. பாக்கதுக்கு இவளுக்க பிள்ளையா கிடைச்சுது?"

பிறகு ஜெனிட்டாவின் கையைப் பிடித்தார். "நான் பறஞ்சது தப்பு, ஏட்டி. மனசுல வைக்காத."

நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவர் கேட்டார்.

அவள் வீட்டு உப்பில் அக்கா மறுபடி ஓதினார். அந்த உப்பை, ஜெனிட்டா தூக்குவாளியில் கொண்டு வந்திருந்த கஞ்சியில் கலந்து ஊட்டினார்கள். குழந்தை நான்கு கரண்டி குடித்தது. உப்பாலா, பசியாலா என்று கேட்கும் தகுதியை நான் இழந்திருந்தேன்.

12.15. கருங்கல் பேருந்து, ஐந்து ரூபாய். ஜெனிட்டாவுக்குப் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டேன்.

"அய்யோ, அது போட்டும். படிச்ச பிள்ளையளுக்கு ஆயிரம் சந்தேகம் இருக்கும்லா" என்று சிரித்தாள். சிரித்தபடியே எங்களுக்கு நடுவில் இருந்த தன் பையை எடுத்துச் சன்னல் பக்கம் வைத்தாள். மகளையும் அந்தப் பக்கம் மாற்றி உட்கார வைத்தாள்.

கருங்கல் வரை என் ஊரைப் பற்றி, வீட்டைப் பற்றி அன்பாகவே விசாரித்துக்கொண்டு வந்தாள். இறங்கும்வரை அவள் கை அந்தப் பையின் வாயை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது.