சூடு என்று நினைத்தேன்

பிறந்த பத்தாம் நாள் எங்கள் குழந்தை இறந்தது. அதற்குப் பிறகு என் மனைவி பேச்சை விட்டாள். சோறு வைத்தால் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் கேட்கமாட்டாள். வடக்கனந்தலில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, நாள் முழுக்கக் கல்வராயன் மலையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கள்ளக்குறிச்சி டாக்டர் மனச்சோர்வு என்றார். தினம் ஒரு சின்ன மாத்திரை.

"மொதல்ல வாய் வறளும், மலச்சிக்கல் வரும், தூக்கமா அசத்தும். மனசு தெளிய மூணு நாலு வாரம் ஆவும். நடுவுல நிறுத்திடாதீங்க. மாத்திரை உங்க கையிலயே இருக்கட்டும், நீங்களே எடுத்துக் குடுங்க."

எல்லாம் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் அவள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்தால் தலை சுற்றியது. முகத்தில் தெளிவு மட்டும் வரவில்லை. இங்கிலீஷ் மருந்து உடம்புச் சூட்டைக் கிளப்பிவிட்டது என்று நானே முடிவுகட்டினேன். மாத்திரையை நிறுத்தி, எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக வைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்தேன். வறட்சி போனது. பெரிய வைத்தியம் பார்த்துவிட்டதாக நினைப்பு எனக்கு. மடையன்.

அடுத்த வாரம் ஒரு காலை, கிணற்று விளிம்பில் நின்றிருந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"எதுக்கு இழுத்துகினு வந்தீங்க?" என்றாள். அந்த மாதம் முழுக்க அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

டாக்டரிடம் போகலாமென்றால் பஸ் ஓடவில்லை. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். அவள் பக்கத்தில் என் அக்காவை உட்காரவைத்துவிட்டு, குறுக்கே கிடந்த ஒவ்வொரு மரத்தின் மேலும் சைக்கிளைத் தூக்கிக் கடந்து கள்ளக்குறிச்சி போனேன்.

மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னேன்; டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மூளையில ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி அனுப்ப ஒரு சத்து இருக்குது. மாத்திரை அது சீக்கிரம் கொறையாம பாத்துக்கும். ஆனா தண்ணி பாய்ச்சின அன்னிக்கே நாத்து பச்ச புடிக்குமா? தொல்லை முன்னால வரும், குணம் பின்னாலதான் வரும்."

மறுபடி முதல் நாளிலிருந்து. வாய் வறண்டால் தண்ணீர் கொடுத்தேன், மலச்சிக்கலுக்குக் கீரையும் பழமும் கொடுத்தேன். அவளைத் தனியாக விடவே இல்லை.

நாலாவது வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மரத்துக்கு மரம் சைக்கிளத் தூக்கினு போனீங்களாமே. தோளு வலிக்கலையா?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"நடுவுல மாத்திரைய நிறுத்தினது நான்தான்" என்றேன்.

கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"இனிமே நிறுத்தாதீங்க."