றஜீவனின் தொண்ணூற்றொன்பது

முதல் பந்து விழுமுன் குகநாதன் மூன்று பென்சில்களைச் சீவி ஓட்டப் புத்தகத்தின் பக்கத்தில் அடுக்கிவிடுவார். அழிறப்பர் வைத்துக்கொள்வதில்லை. "பிழைச்சால் வெட்டி எழுதலாம். அழிக்கேலாது." லண்டனின் சட்டன் மைதானத்தில் இருபத்திரண்டு வருடங்களாக அவர்தான் ஸ்கோரர். நடுவரின் ஒவ்வொரு சைகைக்கும், கண்டுகொண்டதற்கு அடையாளமாக, எழுந்து நின்றுதான் கை உயர்த்துவார். சென்ற ஆண்டு முழங்கால் மூட்டு மாற்றிய பிறகும் இருந்தபடி காட்டியதில்லை.

அவருக்குப் பின்னால், சுவரில், சதமடித்தவர்களின் பலகை. முதற்பெயர் கப்டன் ஹார்லண்ட், 1887. கிரிக்கெட் கழகத்தின் மலருக்காகக் கப்டனின் வாழ்க்கையைக் குகநாதன் எழுதிக்கொண்டிருக்கிறார். கப்டன் பகலில் வழக்கறிஞர், மாலையில் தொண்டர் படைக்குப் பயிற்சி, சனிக்கிழமை கிரிக்கெட். "பட்டாளத்துக்கும் சம்பளமில்லை, பந்தடிக்கும் சம்பளமில்லை. விசர் மனிசன்" என்பார், சொந்தக்காரரைச் சொல்வதுபோல.

அந்தப் பலகையில் குகநாதனின் தம்பி றஜீவன் இல்லை. ஆறு வருடங்களுக்கு முன் தொண்ணூற்றொன்பதில் நின்றபோது பந்து எதிலோ உரசி ஓடியது; ஓர் ஓட்டம். மட்டையில் பட்டதென்று மைதானமே கத்தியது. நடுவரோ முழங்காலைத் தூக்கித் தட்டினார்: காலில் பட்டது, ஆட்டக்காரனுக்குச் சேராது. குகநாதன் கை உயர்த்தி அப்படியே எழுதினார். அடுத்த ஓவரில் தம்பி அவுட். வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோதுதான் வாய் திறந்தான். "நீங்கள் கையைத் தூக்காமல் இருந்திருக்கலாமண்ணை."

இந்தத் தை மாதம் றஜீவன் இறந்துபோனான்.

போன ஞாயிறு கழகத் தலைவர் ராம்கி வந்து பக்கத்தில் அமர்ந்தார். "நாளைக்குப் பலகையில பேர் எழுத ஆள் வருது. றஜீவன்ர பேரையும் போடுவம். ஒரு ரன்தானே அண்ணை, புத்தகத்தில மாத்திவிட்டாக் காணும்."

குகநாதன் 1887ஆம் ஆண்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். கால்பட்ட ஓட்டங்களின் வரிசையில் ஒன்று சுரண்டப்பட்டிருந்தது. கப்டனின் பெயருக்கு நேரே, வேறு மையில், ஒன்று கூடி நூறாகியிருந்தது.

ராம்கி சிரித்துவிட்டார். "பாத்தியளே! வெள்ளைக்காரன் செய்தாச் சரி, நாங்கள் செய்தாப் பிழையோ?"

"கப்டன் செய்யேல்லை. அந்தாளில பாசம் வைச்ச ஸ்கோரர் ஆரோ செய்திருக்கிறான்."

"அப்ப மலரில?"

"தொண்ணூற்றொம்பது எண்டுதான் எழுதியிருக்கிறன்."

ராம்கியின் சிரிப்பு அடங்கியது. "எங்கட றஜீவனுக்கு என்ன சொல்லுறியள் அண்ணை?"

குகநாதன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மாற்றிய முழங்காலை மெல்ல உயர்த்தி, உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார்.