இரண்டு காலும் தெரிகிற படம்

ஜெர்மன்காரனோடு நடந்த முதல் பெரிய சண்டைக்கு, பட்டாளத்துக்கு மூட்டை தூக்கும் கூலியாளாகப் பிரான்சு போனவன் நான். அங்கே ஊர் சுற்றிப் பார்த்த மற்றவர்கள் கோபுரம், கடிகாரம் என்று அளப்பார்கள். எனக்குப் பூட்சைப் பற்றித்தான் சொல்லத் தெரியும்.

முகாமிலிருந்து ரூவான் நகரம் நடந்து போகிற தூரம். ஒருநாள் மூன்று பேருக்கு விடுப்பு கிடைத்தது. நான், கொல்லங்கோட்டில் என் பக்கத்து வயல்காரன், ஆனைக்கரை ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து வந்த ஒருவன்.

வயல்காரனுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. சண்டையில் அவனுக்கு ஒரு கால் போய்விட்டதாக எவனோ ஊரில் புளுகியிருந்தான். அவன் அம்மா சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். கால் இருக்கிறது என்று எழுதினால், மகன் மறைக்கிறான் என்று அதற்கும் அழுதாள். அதனால் இரண்டு காலும் தெரிய ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். போட்டோக் கடையில் பட்டாளத்துக்காரர்கள் கூட்டம். மூன்று மணிக்கு வா, பிந்தினால் வெளிச்சம் போய்விடும் என்று கடைக்காரன் கையால் காட்டினான்.

"அதுவரைக்கும் அந்தப் பெரிய கோயிலப் பாத்துட்டு வந்தர்லாம்" என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

மாதா கோயில் வாசலில் பூட்சைக் கழற்றச் சொன்னேன்.

"வெள்ளக்காரனே பூட்சோடதான் போறான், நமக்கென்னல?" என்றான் ஆனைக்கரைக்காரன்.

"அவனுக்கு மரியாத தெரியலீன்னா நமக்குமா தெரியாது? கழட்றா!"

சட்டையையும் கழற்றிவிட்டுப் போகிற எங்கள் பக்கத்துக் கோயில் வழக்கப்படி பொத்தானிலும் கை வைத்தேன்.

"ஏலே, குளுருல சாகணும்னா நீ மட்டும் சாவு" என்றான். சட்டை தப்பியது. மூக்கு உடைந்த ஒரு கல் சாமியின் காலடியில் மூன்று ஜோடி பூட்சையும் வரிசையாக வைத்தோம். வானம் மூடிக்கொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை.

உள்ளே தரை பனிக்கட்டி. கண்ணாடி ஜன்னல்களை அவர்கள் இரண்டு பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. வலமாகச் சுற்றியே தீர வேண்டும் என்று அவர்களை இழுத்துக்கொண்டு நடந்தேன். சுற்றிவிட்டு வெளியே வந்தால் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பூட்சைக் காணோம்.

வாசலில் மெழுகுவத்தி விற்ற கிழவியைப் பிடித்துக்கொண்டேன். "திருட்டு முண்ட, எங்கடி வெச்ச?" என்று தமிழிலேயே கத்தினேன். அவள் எங்கள் வெறுங்காலைப் பார்த்தாள். கண் கலங்கியது. கூடையிலிருந்த ரொட்டியில் பாதியை ஒடித்து என் கையில் வைத்தாள். ஆனைக்கரைக்காரன் அதை வாங்கித் தின்றுகொண்டே அண்ணாந்து பார்த்தான்.

"ஏலே, இந்தச் சாமிக்கு மூக்கு இருக்கே!"

நுழைந்த வாசலிலேயே வெளியே வந்து பழகியவன் நான். அந்தக் கோயிலுக்கு எத்தனை வாசல் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சுற்றி ஓடினோம். மூக்கு உடைந்த சாமியின் காலடியில் பூட்சு மூன்று ஜோடியும் மழைத் தண்ணீர் நிரம்பி நின்றன. குளிரில் வீங்கிய கால் உள்ளே போகவில்லை. கடிகாரம் மூன்று அடித்தது.

"எங்கம்மா அங்க சோறு திங்காமக் கெடக்கறா, நீ இங்க கோயில் சுத்தறியாடா!" என்று வயல்காரன் பூட்சைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினான். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே பின்னால் ஓடினோம்.

கடைக்காரன் கதவைச் சாத்தப் போனவன், எங்கள் காலைப் பார்த்துத் திறந்துவிட்டான். மூன்று பேரும் வெறுங்காலோடு படத்தில் நின்றோம்.

நான் ஊர் திரும்பியதும் அந்த அம்மா படத்தை எடுத்து வந்து காட்டினாள். மகனின் பத்து விரலையும் தொட்டு எண்ணிய பிறகுதான் வயிறாரச் சாப்பிட்டாளாம். பூட்சு போட்டிருந்தால் உள்ளே கட்டைக்கால் என்றுதான் நினைத்திருப்பாளாம். அப்புறம், ஓரத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிற என் படத்தைப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, அந்தச் சர்க்காரு உங்களுக்கு ஒரு செருப்புக்கூடக் குடுக்கலியா?"

"குடுக்கலீங்கம்மா" என்றேன்.