கொலைகாரிக்குக் குரல் கொடுத்தவள்

நாளெல்லாம் பேசியே பிழைக்கிற ஒருத்தி, ஒரே ஒரு மனிதனிடம் மட்டும் ஒன்பது வருஷம் வாய் திறக்காமல் இருக்க முடியுமா?

தயிர் அளக்கும்போதுகூடக் கிளியம்மாள் பேச்சை நிறுத்துவதில்லை. ஒரகடத்தில் தொடங்கிய கதை வல்லக்கோட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு கல்யாணமும் இரண்டு அடிதடியும் சேர்ந்து பெருத்திருக்கும். கூடையை இறக்கி, பானையின் வாயில் கட்டிய துணியை அவிழ்த்து, "இந்தா, மொண்டுக்கினேன், பாத்துக்கோ, ஒரு சொட்டு கொறைச்சல் கெடையாது. அப்பால அந்தப் பொண்ணு இன்னா பண்ணா தெரியுமா?" என்பாள். அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்கிற அவசரத்தில் அளவைப் பார்க்க யாரும் குனிவதில்லை. அளவு சரியாகத்தான் இருக்கும். சோதித்தவர் எவரும் இல்லை.

நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான, வேகமாக நடக்கிற பெண். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். தயிரைத் தமிழில் விற்பாள். மாட்டைத் தெலுங்கில் திட்டுவாள். பொய் சொல்லப் போகிறாள் என்றால் முன்கூட்டியே தெரிந்துவிடும். முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்வாள், நடவுக்கு இறங்குகிறவளைப் போல.

படப்பை சாலையில் யேசுராஜ் ஒரு டூரிங் கொட்டகை நடத்தினார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஓலைத் தட்டி. ஒரே மெஷின் என்பதால் படத்துக்கு மூன்று இடைவேளை. சென்னையிலிருந்து பஸ்ஸில் வர வேண்டிய தமிழ்ப் படப் பெட்டி வராமல் போனால் ஏதாவது ஒரு தெலுங்குப் படப் பெட்டி வந்து இறங்கும். அப்போதெல்லாம் யேசுராஜ் கிளியம்மாளுக்கு ஆள் அனுப்புவார். அவள் பெண்கள் பக்கம் தட்டி ஓரமாக நின்றுகொண்டு, திரையில் நடப்பதை உரக்கத் தமிழில் சொல்வாள். டிக்கெட் கிடையாது, படம் முடிந்ததும் ஒரு கோலி சோடா உண்டு. தங்களுக்கு இதெல்லாம் தேவையில்லை என்பது போல ஆண்கள் பீடி பிடிப்பார்கள். ஆனாலும் அவர்கள் பக்கத்தில் முதலில் நிறைவது தட்டியை ஒட்டிய மணல்தான்.

அறுபத்தேழாம் வருஷம் அப்படி வந்து இறங்கியது, தெலுங்குக்காரர்கள் பல வருஷமாகக் கொண்டாடிய ஒரு கொலைப் படம். கடலோரத்தில் ஒரு பங்களா. அதில் நான்கு அண்ணன் தம்பிகள். எங்கோ ஒரு வீணைக் கம்பி அறும். மறுநாள் காலை ஒருவன் செத்துக் கிடப்பான். யார் கொல்கிறார்கள் என்று போலீசுக்கும் தெரியாது, கொட்டகைக்கும் தெரியாது. கடைசிச் சுருளில்தான் தெரியும்: தினமும் விளக்கேற்றி, எல்லோருக்கும் சோறு போட்டு, வாயே திறக்காமல் இருந்த மருமகள். அவளுடைய குடும்பத்தை இந்த நால்வரும் முன்னொரு காலத்தில் அழித்திருக்கிறார்கள். பழி வாங்கத்தான் வேறு பெயரில் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கத்தியை ஓங்கிக்கொண்டு, எச்சில்கூட விழுங்காமல் நாலு நிமிஷம் பேசுவாள்.

அதில்தான் வந்தது வினை. கிளியம்மாளின் தெலுங்கு மாட்டுக்கொட்டகைத் தெலுங்கு. ஓடுவதும் அழுவதும் சாவதும் எந்தப் பாஷையிலும் ஒன்றுதான் என்பதால் அதுவரை சமாளித்துவிட்டாள். "இவன் சாவப் போறான், பாத்துக்கோ" என்று அவள் கை காட்டியவர்களில் பாதிப் பேர் செத்தும் போனார்கள். ஆனால் மருமகள் பேசியது படித்தவர்களின் தெலுங்கு. அது மழையாகக் கொட்ட, கிளியம்மாள் குடை இல்லாமல் நின்றாள்.

"இன்னா சொல்றா யக்கா? கம்முனு கீறியே!" என்றாள் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள். பின்னால் எண்பது பெண்கள்.

கிளியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"'என் பொண்ணுக்குக் காது குத்துனேன். ஊரே வந்துச்சு. தாய்மாமன் மட்டும் வரல. அவன் மடியில உக்கார வேண்டிய கொழந்தய யார் மடியிலயோ உக்கார வெச்சேன். அன்னிக்குப் புடிச்ச கத்திடா இது!' அப்டின்றா."

கொட்டகை மூச்சு வாங்கியது.

"அதுக்கோசரமா நாலு பேரு?" என்றது ஒரு குரல்.

"பின்ன?" என்றாள் பாப்பம்மாள். "நானா இருந்தா போலீசுக்காரனையும் சேத்து வெட்டியிருப்பேன். ஆனா யக்கா, அவளுக்குக் கொழந்தயே காட்டலியே?"

"அது மொத சுருள்லயே அறுந்து பூட்டுச்சு."

அப்போதுதான் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினார். அந்த இருமலைக் கிளியம்மாள் பிறந்ததிலிருந்து அறிவாள். அவளுடைய அண்ணன் கோபால்.

அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் அவள் மகள் அம்சவல்லிக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடி காலியாக இருந்தது. அடுத்த தெருவில் வசிக்கிற கோபால் வரவில்லை. ஏன் என்று அவர் சொல்லவில்லை; இவள் கேட்கவில்லை. அவர் தெருவில் மட்டும் கிளியம்மாள் தயிருக்குக் குரல் கொடுக்காமல் நடப்பாள். அந்தக் கோபால் நெல்லூரில் ஒரு அரிசி மில்லில் ஆறு வருஷம் இருந்தவர். மருமகள் பேசிய தெலுங்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தக் கொட்டகையில் அவள் புளுகுகிறாள் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் தட்டியோர இடம் போய்விடும். சோடா போனால் போகட்டும். நாளைக் காலை பானையைத் திறக்கும்போது எல்லாப் பெண்களும் அளவைப் பார்க்கக் குனிவார்களே!

கோபால் ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் வந்தார். தட்டியை ஒட்டி உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் முதல் நிலைமை விசித்திரமாயிற்று. கிளியம்மாள் போலீஸ் இன்ஸ்பெக்டரை, "இவன் அவளோட கொழுந்தன்" என்று அறிமுகப்படுத்தினால் அந்தப் பக்கம் ஒரு சின்ன இருமல். "இல்ல இல்ல, போலீசு. கொழுந்தன் மாதிரி கீறான், அவ்ளோதான்" என்று திருத்திக்கொள்வாள். பெரிய தப்புக்குப் பெரிய இருமல். நாளுக்கு நாள் கதை துலங்கியது. ஒன்பது வருஷத்தில் அண்ணனும் தங்கையும் நடத்திய முதல் பேச்சு, இருமலில் நடந்தது. ஆனால் மருமகளின் கடைசிப் பேச்சு வந்தால் மட்டும் அவரிடமிருந்து சத்தமே வராது. அந்த அமைதிதான் கிளியம்மாளைச் சீண்டியது. வெள்ளிக்கிழமை காது குத்தலோடு நின்ற மருமகள், திங்கட்கிழமை, "தோடு போடறேன்னு வாயால சொன்னியேடா!" என்றாள். செவ்வாய்க்கிழமை, "வாசப்படியைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சேடா!" என்று அழுதாள். கூடவே எண்பது பெண்கள் அழுதார்கள்.

செய்தி தயிர்ப்பானையோடு ஊர் ஊராகப் போயிற்று. வாலாஜாபாத் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். யேசுராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

"யக்கா, நானும் அஞ்சு நாளாப் பாக்கறேன். இந்தப் படத்துல காது குத்துற சீனு எங்க வருது?"

"நீ மெஷினப் பாரு நைனா. படத்த நாங்க பாத்துக்கறோம்."

ஏழாம் நாள் கடைசிக் காட்சி. ஆண்கள் பீடியை அணைத்துவிட்டு வெளிப்படையாகவே தட்டிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். திரையில் மிச்சமிருந்தது மூத்த அண்ணன் ஒருவன்தான். மருமகள் கத்தியை ஓங்கினாள். கிளியம்மாளின் குரல் உயர்ந்தது.

"'ஏண்டா வரல? ஒம்போது வருசமாக் கேக்கறேன், வாயத் தொறந்து சொல்லு!'"

மாடிப்படியில் விழுந்து கிடந்த மூத்தவனின் உதடு அசைந்தது. படத்தில் அவன் கேட்டது தண்ணீர். கிளியம்மாள் அதைச் சொல்வதற்குள் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"இவன் சொல்றத நான் சொல்றேன்."

"யோவ் கோபாலு!" என்று ஆண்கள் கைதட்டினார்கள். "நம்ம பக்கமும் ஒரு ஆளு கீதுடா!"

"'அந்த வாரந்தான் ரெண்டு உழவுமாடும் கோமாரில செத்துச்சு. வெறுங்கையோட தாய்மாமன் எப்டிம்மா வருவான்? கோயில் வாசல் வரைக்கும் வந்தேன். மேளம் கேட்டுச்சு. அங்கயே நின்னு கேட்டுட்டுத் திரும்பிட்டேன்' அப்டின்றான்."

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பாப்பம்மாளுக்குத்தான் சந்தேகம்.

"இம்மாம் பெரிசாவா சொன்னான்? ரெண்டு தபாதான வாய அசைச்சான்?"

"தெலுங்குல சுருக்கமா முடிச்சிடுவாங்க," என்றான் ஆண்கள் பக்கத்தில் ஒருவன்.

கத்தி இறங்கத் தொடங்கியது. அந்தப் படத்தை நாலு முறை பார்த்து, நாலு முறையும் "குத்துடி!" என்று கத்திய பெண்கள் இப்போது, "வாணாண்டி, வாணாண்டி!" என்று எழுந்து நின்றார்கள். பார்த்து முடித்த படம் மாறிவிடும் என்று எண்பது பேர் ஒரே நேரத்தில் நம்பியது வேடிக்கைதான். சிரிக்க மட்டும் முடியவில்லை. மருமகள் குத்திவிட்டாள். போலீஸ் வந்தது. கையில் விலங்கோடு அவள் திரும்பி இரண்டே வரி பேசினாள். படம் முழுவதிலும் அவள் பேசிய மிக எளிய தெலுங்கு அது, மாட்டிடம்கூடச் சொல்லக்கூடியது. 'நெனச்சத முடிச்சிட்டேன். இனி எனக்கு ஒரு கொறையும் இல்ல.' ஆறு நாளும் கிளியம்மாள் பிசகாமல் சொன்ன வரிகள்.

"இன்னா சொல்றா யக்கா?"

கிளியம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"தெரியல," என்றாள்.

அந்தக் கொட்டகையில் அவள் ஒருநாளும் சொல்லாத சொல். ஏன் சொன்னாள் என்று பாப்பம்மாள் இன்றைக்கும் கேட்கிறாள். "ஒனக்குத் தயிர் வோணுமா, வாணாமா?" என்பதுதான் கிடைக்கிற பதில்.

அன்று விளக்குப் போட்டதும் யேசுராஜ் வழக்கமான கோலி சோடாவைக் கொண்டுவந்து கொடுத்தார். கிளியம்மாள் அதை உடைக்கவில்லை. குனிந்து, தட்டியின் அடி ஓலையைத் தூக்கி, பாட்டிலை அந்தப் பக்கம் நீட்டினாள். அதன் கனம் கையை விட்டுப் போகும்வரை குனிந்தே இருந்தாள்.