கூப்பிடு தூரம்

ஜெபக்குமாருக்குத் தண்ணீர்ப் பைத்தியம் என்று முதலிபாளையத்து லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். குழாயில் தண்ணீர் வருகிற அன்றைக்கு வேலைக்குக்கூடப் போக மாட்டான். டிரம், குடம், வாளி, பெயின்ட் டப்பா, குழம்புச் சட்டி என்று அகப்பட்டதிலெல்லாம் பிடித்து வைப்பான்.

"ஏனுங்க ஜெபக்குமாரு, ஊடு பூரா தண்ணியவே ரொப்பி வெச்சா நீங்க எங்கீங்க படுப்பீங்க?" என்று வீட்டுக்காரி பழனாயி கேட்பாள்.

"நின்னுக்கிட்டே தூங்கிக்கிடுவேம்மா" என்பான்.

அவன் பிழைப்பும் தண்ணீரில்தான். சாயப்பட்டறையில் பகலெல்லாம் ஈரத்தில் நிற்க வேண்டும். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் பச்சை, குடிக்க மட்டும் ஒரு வாய்க்கு ஆகாது. "கடலும் இப்படித்தாம்ல இருந்துச்சு" என்பான். அதற்குமேல் அவன் வாயைக் கிண்ட யாராலும் முடியாது.

கடலில் நடந்தது இதுதான். தூத்துக்குடியில் அவனும் அவன் அண்ணன் தேவசகாயமும் பாய்த்தோணியில் வேலை பார்த்தார்கள். இன்ஜின் கிடையாது, காற்றை நம்பித்தான் ஓட்டம். எண்பத்தெட்டில் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும்போது அடித்த காற்றில் பாய்மரம் முறிந்தது, சுக்கானும் போயிற்று. பிறகென்ன, கடல் இழுத்த இழுப்புக்குத் தோணி போனது. ஒரு மாதத்துக்கு மேல் கரையே கண்ணில் படவில்லை. வெங்காயம் அழுகி நாறியது.

பீப்பாயில் குடிதண்ணீர் அடி தட்டியதும், தோணித் தலைவரான தண்டல் காலையில் ஆளுக்கு ஒரு சிரட்டை அளந்து ஊற்ற ஆரம்பித்தார். அவரவர் பங்கு அவரவர் பாட்டிலில். அடையாளத்துக்குப் பாட்டில் கழுத்தில் ஒரு நூல் கட்டியிருக்கும். அண்ணன் தம்பியே ஆனாலும் அடுத்தவன் நூலைத் தொடக் கூடாது. தோணிக்காரர்களிடம் அதற்கு மன்னிப்பே கிடையாது.

ஜெபக்குமார் காய்ச்சலில் சுருண்டு கிடந்த ஒரு காலையில் தூரத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. தீவு என்றான் தேவசகாயம். மேகம் என்றார் தண்டல். "மேகமா இருந்தா திரும்பி வாரேன்" என்று சின்ன வள்ளத்தை இறக்கித் தனியாளாகத் துடுப்புப் போட்டுப் போனான். மேகமேதான். அவன் திரும்பவில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு சரக்குக் கப்பல் வந்து மிச்சப் பேரைத் தூக்கிக்கொண்டது. பாழாய்ப் போன கப்பல், கொஞ்சம் முந்தி வந்து தொலைத்திருக்கக் கூடாதா!

துறைமுகத்தில் அண்ணன் மனைவி ரோஸ்மேரி நிறைமாத வயிற்றோடு நின்றாள். அழக்கூட இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தண்ணி எடுத்துட்டுப் போனாவளா?"

அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டு என்னதான் சொல்வான்? "எடுத்துட்டுத்தான் போனாரு மதினி" என்றான்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் இருபது வருஷத்தை ஓட்டிவிட்டாள். தண்ணீர் கையில் இருந்தால் மனுஷன் சாக மாட்டான், ஏதோ ஒரு தீவில் ஒதுங்கியிருப்பான், என்றைக்காவது வருவான். பிறந்த மகள் ஜெனிட்டாவோடும் கொழுந்தனோடும் திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்து வயிற்றைக் கழுவினாள். ஜெபக்குமார் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பக்கத்து லைன் வீட்டில் இருந்துகொண்டு சம்பாதித்ததை அந்த வீட்டில் போட்டான். மூன்று வேளையும் மதினி கைச் சோறு.

ஜெனிட்டாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு வேதக்கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் என்று. எழுத உட்கார்ந்த உபதேசியார், பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' போடவா என்று கேட்டார். போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் ஆளைக் கூட்டிவந்து காட்டுங்கள் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார்.

"அப்படிப் போட்டா கல்யாணமே வேண்டாம்" என்றாள் ரோஸ்மேரி. ஒரே பிடி.

ஜெனிட்டா அழுதுகொண்டு இவனிடம் வந்தாள். "சித்தப்பா, அப்பாவக் கடைசியாப் பாத்தது நீங்கதான. நீங்க ஒரு வார்த்த சொன்னா அம்மா கேப்பாவ."

ஞாயிறு மத்தியானம் அவன் மதினி வீட்டுக்குப் போனான். சோற்றுக்குத் தட்டு எடுக்கப் போனவளை உட்காரச் சொன்னான்.

"மதினி, அண்ணன் தண்ணி எடுத்துட்டுப் போகல. என் தலைமாட்டுல வச்சிட்டுப் போயிட்டாரு."

அவள் வெறித்துப் பார்த்தாள்.

"அந்தத் தண்ணிய யாரு குடிச்சா?"

"நாந்தான்."

"காய்ச்சல்ல தெரியாமக் குடிச்சிட்ட."

அப்படியே என்று சொல்லியிருக்கலாம். தப்பித்துக்கொள்ள அவளே வழியும் விட்டாள். படுபாவிக்கு அன்றைக்குப் பார்த்துப் பொய் வரவில்லை.

"நூலப் பாத்தேன் மதினி. நீல நூலு, அண்ணனோடது. பாத்துட்டுத்தான் குடிச்சேன்."

"அப்ப வள்ளம் போயிருச்சா?"

"இல்ல. கண்ணுக்குத் தெரிஞ்சுது."

"கூப்பிட்டா கேக்குற தூரமா தம்பி?"

"கேட்டிருக்கும்" என்றான். "கூப்பிட்டா வந்து வாங்கிட்டுப் போயிருவாருன்னு கூப்பிடல."

ரோஸ்மேரி மாரில் அடித்துக்கொள்ளவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "தண்ணி இல்லாமயா போனாவ, தண்ணி இல்லாமயா போனாவ" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

"உபதேசியார்ட்டச் சொல்லிரு. காலஞ்சென்றன்னே எழுதட்டும்."

அடுத்த ஞாயிறு ஓலை வாசித்தார்கள். 'காலஞ்சென்ற தேவசகாயம்' என்று உபதேசியார் வாயிலிருந்து வந்தபோது ரோஸ்மேரி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாணமும் குறையில்லாமல் நடந்து, ஜெனிட்டா புருஷன் வீட்டுக்குப் போனாள்.

ஜெபக்குமார் இன்னும் அங்கேதான் சாப்பிடுகிறான். அவன்தான் இரண்டு வீட்டு டிரம்மும் நிரப்புகிறான். ரோஸ்மேரி வேளை தவறாமல் தட்டு வைத்து, சோறு போட்டு, குழம்பு ஊற்றுவாள். தண்ணீர் மட்டும் வைக்க மாட்டாள். விக்கல் எடுத்தால் அவனே எழுந்துபோய் மொண்டு குடித்துக்கொள்ள வேண்டும்.