ஓவியத்தின் மூலையில் கிடந்தவன்

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பிரெஞ்சு மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் மகள் என்னையும் மனைவியையும் அருங்காட்சியகம் ஒன்றுக்கு அழைத்துப் போனாள். அங்கே சுவர் முழுக்க ஒரு தைலவண்ண ஓவியம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் போர். நடுவில் வெள்ளைக் குதிரைமேல் தளபதி இருந்தார். கீழ் மூலையில், காலில் சப்பாத்தும் இல்லாமல், ஓர் இளம் சிப்பாய் சேற்றில் செத்துக் கிடந்தான்.

மனைவி அவனை விட்டு நகரவில்லை. அவளுடைய தம்பி ஊரில் நடந்த இறுதிப் போரில் காணாமல் போனவன். உயிரோடுதான் இருக்கிறான் என்று சொல்லி, அவன் படத்துக்கு மாலை போட அவள் அதுவரை யாரையும் விட்டதில்லை.

“இந்தப் பெடியன் ஆரெண்டு எழுதிக் கிடக்கோ?” என்று மகளிடம் கேட்டாள்.

மகள் பக்கத்திலிருந்த பலகையை வாசித்தாள். “இல்லையம்மா. ஜெனரலின்ர பேர் மட்டும்தான் இருக்கு.”

“இவனும் வருவான் எண்டு வீட்டில ஆரோ பாத்துக்கொண்டு இருந்திருப்பினம். அப்பிடியே அவையும் செத்துப் போயிருப்பினம்.”

மெட்ரோவில் திரும்பினோம். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இறங்கியதும் மனைவி என் கையைப் பிடித்தாள்.

“ஒரு மாலை வாங்குவம்.”

பூசைச் சாமான் கடையில் வாங்கினோம். வீட்டுக்கு வந்து அவளே அதைத் தம்பியின் படத்துக்குப் போட்டாள். பிறகு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவைத் தட்ட எனக்குத் துணிவு வரவில்லை.